மொட்டோடு வெட்டிய டெய்சி

நம் நர்சரிக்கு இந்த வருடம் புதிதாக நாலைந்து பேர் வேலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். போன வாரம் அந்த வழியாக பஸ்ஸில் போனபோது, உங்களில் யாரோ ஒருவர் ஆப்பிரிக்க டெய்சித் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பச்சை வலைக்கு அடியில் அடுக்குவதைப் பார்த்தேன். வெயிலில் கிடக்கிறதே, பாவம் என்று நினைத்திருப்பீர்கள். வண்டியை நிறுத்தச் சொல்லலாமா என்று வாய் வரை வந்துவிட்டது. ஓய்வுபெற்றுப் போனவள் நடுரோட்டில் இறங்கி அதட்டினால் நன்றாக இருக்காது. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மண் கலப்பது, விதை போடுவது, நுனி கிள்ளுவதெல்லாம் அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. நான் ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் உப்பு கேட்பதற்கே கத்தித்தான் கேட்க வேண்டும். அதனால் என் பேச்சு கொஞ்சம் உரக்க இருக்கும், கொஞ்சம் நீளமாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்சரியை ஆரம்பித்த ஓனரம்மாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சேலம் டவுனில் பழைய கத்தோலிக்கக் குடும்பம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, அந்த வேலை முடிந்த பிறகு சங்ககிரி போகும் சாலையில் இந்த இடத்தைப் பிடித்தார். பேரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை. அவருக்கு எல்லாமே வார்டுதான். ஒரு செடி வாடி நின்றால் "பேஷண்ட் என்ன சொல்றாரு" என்று கேட்டுக்கொண்டுதான் பக்கத்தில் வருவார். நாங்கள் ஏதாவது பதில் சொல்ல வாயைத் திறந்தால், "உங்களைக் கேக்கல" என்பார்.

டெய்சி முதன்முதலாக எங்களிடம் வந்தபோது எல்லாரும் சேர்ந்துதான் அதைக் கொன்றோம். விதைப் பொட்டலத்தில் கோடைக்காலப் பூ, நல்ல வெயில் வேண்டும் என்று போட்டிருந்தது. சேலத்தில் வெயிலுக்கா பஞ்சம்? மாசியில் விதைத்தோம். பங்குனியில் நாற்று பார்க்க லட்சணமாக நின்றது. சித்திரையில் ஒரு பூகூட எட்டிப் பார்க்காமல் வரிசை வரிசையாகக் கருகியது. ஓனரம்மா அந்தத் தொட்டிகளுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். "குளிர் நாட்டு டாக்டர் எழுதின சீட்டுக்கு நம்ம ஊர்ல மருந்து குடுத்துட்டோம். அவங்க கோடைங்கிறது நம்ம மார்கழி" என்றார். அதற்குப் பிறகு ஐப்பசியில் விதைப்பது, மார்கழியிலும் தையிலும் பூப்பது, மாசி முடிந்தால் விடை கொடுப்பது என்று ஆனது. இந்தச் செடிக்கு வெயில் வேண்டும், சூடு ஆகாது. இரண்டும் ஒன்றில்லை என்று புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு கோடை முழுக்கப் போனது.

நிழலில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்க இரண்டு டெய்சித் தொட்டி வாங்கிப்போனார். மறுநாளே ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தார்.

"பகல்லயே தூங்குற பூவை என் தலையில கட்டிட்டீங்களேம்மா. வர்ற கஸ்டமரெல்லாம் கடை மூடிட்டியா, பூ மூடிட்டியான்னு கேக்குறான்."

தொட்டியை இறக்கி வெயிலில் வைத்தோம். அவரும் ஓனரம்மாவும் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் அத்தனை பூவும் விரிந்துவிட்டது. வெளிச்சம் போனால் இந்தப் பூ மூடிக்கொள்ளும், சாயங்காலமும் மூடிக்கொள்ளும், மேகம் போட்டாலும் மூடிக்கொள்ளும். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என் கடைக்குள்ள வெயிலே வராதே."

"அப்ப ஒண்ணு செடியை மாத்துங்க, இல்ல கடையை மாத்துங்க" என்றார் ஓனரம்மா. அவர் சிரித்துக்கொண்டே மணிபிளாண்ட் வாங்கிப்போனார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஆவணி மாதம், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து கோமதி என்று ஒரு பெண் வந்தார். வீட்டில் ரவிக்கை தைப்பவர். கழுத்தில் அளவெடுக்கும் டேப்பைக் கழற்றாமலே பஸ் ஏறிவிட்டிருந்தார். சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு சின்னப் பெண்; கனிஷ்கா, வீட்டில் கனி. கோமதி போனை நீட்டினார்.

"அக்கா, இந்தப் பூ உங்ககிட்டக் கெடைக்குமுங்களா?"

படத்தில் ஒரு ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு போடும் அந்தப் பெரிய லாரிகள் திருச்செங்கோட்டிலிருந்து போகாத நாடு இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்த வண்டியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வெள்ளையும் ஆரஞ்சுமாக டெய்சி. யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல், தரையே பூத்துக் கிடந்தது. நடுவில் ஹெல்மெட் போட்ட ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கோமதியின் வீட்டுக்காரர். தென்னாப்பிரிக்கா பக்கம் ரிக் ஓட்டப் போயிருந்தார்.

"பாப்பா குப்புற உழறதுக்கு முன்னாடி போனவருங்க. போன்ல வந்தாருன்னா இவ கட்டிலுக்கு அடியில போயிர்றா. கூப்பிட்டாலும் வாரதில்லை. இந்தப் பூவக் காட்டுனா மட்டும் தலைய நீட்டிப் பாக்கறா. தை மாசம் லீவுல வாராருங்க." கோமதி குரலைத் தாழ்த்தினார். "அத்தன தூரம் வந்து நிக்கறப்ப புள்ள கிட்டப் போகலைன்னா அந்த மனுசன் என்னாவாருங்க. அதான், இந்தப் பூவ ஊட்டுல வெச்சா, அப்பா ஊருப் பூவுன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கலாமுன்னு."

இந்த இடத்தைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் பூ கேட்டு வருவார். எதற்காகக் கேட்கிறார் என்பதையும் சொல்லிவிடுவார், நாம்தான் விலை சொல்லும் அவசரத்தில் அதைக் காதில் வாங்க மாட்டோம். அன்றைக்கு நான் வாங்கினேன். வாங்கியதால்தான் பிறகு அவ்வளவு பாடு.

ஐப்பசியில் விதைத்த வரிசையிலிருந்து நல்ல செடியாக மூன்றைப் பொறுக்கி, மண்தொட்டியில் மாற்றி, மொட்டோடு கொடுத்து அனுப்பினேன். மார்கழியில் கோமதி படம் அனுப்பினார். வெள்ளை இதழும் நடுவில் ஊதா நீலக் கண்ணுமாகப் பூத்திருந்தது. கனி முட்டி போட்டு அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பூ மூடியதும் அவளும் படுக்கப் போய்விடுகிறாளாம். "அப்பா ஊருப் பூ தூங்கிருச்சு" என்று டிவியைக்கூட நிறுத்தச் சொல்கிறாளாம்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் கோமதி போன் செய்தார். வீட்டுக்காரருக்குப் பதிலாகப் போக வேண்டிய ஆளுக்கு விசா வரவில்லை. லீவு சித்திரைக்குத் தள்ளிப்போய்விட்டது.

"சித்திரையில பூ இருக்குமுங்களா அக்கா?"

பார்ப்போம் என்று சொல்லி வைத்தேன். சில நேரம் "பார்ப்போம்" என்பது பதிலே சொல்லாமல் தப்பிக்கிற வழி. அந்த மாதிரித்தான் அன்று சொன்னேன்.

மாசி கடைசியில் மறுபடியும் போன். செடியெல்லாம் சாய்கிறது, உடனே வாருங்கள் என்று. ஓனரம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் பிடித்துப் போனேன்.

கிழக்குச் சுவரோரம் குழாய்க்குப் பக்கத்தில் மூன்று தொட்டியும் இருந்தன. ஒன்று முழுக்கச் சரிந்துவிட்டது. தண்டைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாக, அழுகல் வாடை.

"ஒரு நாளைக்கு எத்தன தடவை தண்ணி ஊத்தறீங்க?"

"காலைல ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா. மத்தியானம் வாடிப்போயி நிக்கறதப் பாத்தா மனசு கேக்காம இன்னொருக்கா. அரிசி கழுவுன தண்ணியும் ஊத்துவேனுங்க, குளிர்ச்சிக்கு." கோமதி என் முகத்தைப் பார்த்தார். "வெயிலு இந்தக் கொளுத்துக் கொளுத்துதுங்களே அக்கா. நமக்கே தாகமா இருக்குது."

இந்தத் தப்பை நம் பக்கத்து ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். ஊற்றுத் தண்ணீருக்கு ஆயிரம் அடி துளை போடுகிற ஊர். வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் சொம்பை நீட்டுகிற ஊர். வாடி நிற்கும் எதைப் பார்த்தாலும் கை தானாகத் தண்ணீருக்குப் போகும். டெய்சியோ வறண்ட சீமைச் செடி. வேர் மூழ்கினால் மூச்சு முட்டி இலையைத் தொங்கப்போடும். தொங்கினால் நமக்குத் தாகமாகத் தெரியும், மறுபடி ஊற்றுவோம். பாசம் கூடக்கூட வேர் அழுகும். கோமதியை நான் என்னவென்று திட்டுவது?

மீதி இரண்டில் உயிர் இருந்தது. ஆனால் அந்த இரண்டிலும் அந்தப் பருவத்தின் கடைசி மொட்டுகள் திரண்டு நின்றன. இங்கேதான் சிக்கல். மொட்டை விட்டுவைத்தால் அடுத்த வாரமே பூக்க ஆரம்பிக்கும். பழுதான வேரை வைத்துக்கொண்டு அவ்வளவு பூவைத் தாங்கிய செடி பங்குனியைத் தாண்டாது. மொட்டோடு சேர்த்து மேல்பாகத்தை வெட்டிவிட்டால் செடி பிழைக்க வழி இருந்தது. ஆனால் வெட்டினாலும், கனியின் அப்பா வந்து நிற்கும் நாளில் பூ இருக்காது, அது நிச்சயம்.

ஓனரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மொட்டு எத்தனை?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும்மா."

"பேஷண்ட்டுக்கு எந்திரிச்சு நிக்கவே முடியல. தலையில மூட்டை வேறயா?" என்றார். நான் சரி என்று வாயெடுப்பதற்குள், "ஆனா பக்கத்துல நிக்கறது நீ. நான் இங்க இருந்து சொல்றது பேச்சு. நீ பாத்துப் பண்ணு" என்று வைத்துவிட்டார். எப்போதும் அப்படித்தான். தனக்குத் தெரிந்ததைச் சொல்லுவார், முடிவை மட்டும் நம் கையிலேயே விட்டுவிடுவார். அப்போதெல்லாம் எனக்கு அது கோபமாக வரும்.

கோமதியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தையல் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"தெனமும் துணிய வெட்டறேன், ஒரு நாளும் கை நடுங்குனதில்லைங்க. இந்த மொட்ட வெச்சுத்தானுங்க அவள அவருகிட்டக் கொண்டுபோகோணும். வெட்டிட்டா அவருகிட்ட எதக் காட்டறது?"

"வெட்டலைன்னா செடியே இருக்காது கோமதி."

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஊசிக்கு அடியில் துணியே இல்லை, மிதித்துக்கொண்டிருந்தார்.

நான் கட்டரை எடுத்தபோது கனி பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள். என்னைச் செடியத்தை என்று கூப்பிடுவாள்.

"செடியத்த, அறுத்தா அதுக்கு வலிக்காதா?"

"தெரியலை சாமி. அது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. ஆனா அறுக்கலைன்னா செத்துப்போயிரும்."

"அப்பா வாரப்ப பூ இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளை, சித்திரைக்குள் மறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் மறக்கிற பிள்ளையாகத் தெரியவில்லை.

"இருக்காது சாமி. செடி இருக்கும். அதுவும் நீ பாத்துக்கிட்டாத்தான்."

கனி யோசித்தாள். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். "நா என்ன பண்ணோணும்?" என்றாள்.

அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து மண்ணில் விட்டுக் காட்டினேன். விரல் நுனிக்கு ஈரம் தட்டினால் தண்ணீர் வேண்டாம், யார் சொன்னாலும் வேண்டாம். உள்ளே வரை காய்ந்திருந்தால் கொஞ்சமாக ஊற்றலாம். "உங்கம்மா ஊத்த வந்தாலும் உடக்கூடாது" என்றேன். பிறகு வெட்டினேன். அடியில் கொஞ்சம் மட்டும் விட்டு, மொட்டுகளோடு. அவற்றை அவளிடமே கொடுத்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் விட்டு அதில் வைத்துக்கொண்டாள். அழுகின செடியைப் பிடுங்கிப் போட்டோம். மீதி இரண்டையும் காலை வெயில் மட்டும் படும் இடத்தில், ஈர மணல் போட்ட பழைய பானைகளுக்குள் இறக்கி வைத்தேன், வேருக்குச் சூடு ஏறாமல் இருக்க. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கையில் டெய்சித் தழையின் வாசம் இருந்துகொண்டே இருந்தது. எனக்கு அது அன்றைக்குப் பிடிக்கவில்லை.

பங்குனியில் ஒன்று போய்விட்டது. ஒன்று நின்றது, துளிர்த்தது. பூவுக்கான அறிகுறி எதுவும் இல்லை. வெறும் பச்சை.

சித்திரையில் வீட்டுக்காரர் வருகிற வாரம் கோமதி போன் செய்தார். ஏற்காட்டிலிருந்து நர்சரிக்கு வேன் வருவது அவருக்குத் தெரியும்.

"அக்கா, மலையில இப்பவும் டெய்சி பூக்குமாமுங்க. பூத்த தொட்டி ஒண்ணு கொண்டாந்துருங்க. பாப்பா அசந்த நேரம் மாத்தி வெச்சிரலாம். அவளுக்குத் தெரியவா போவுது."

எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. வேன்காரரிடம் சொல்லி, அதே வெள்ளை, அதே நீலக் கண், பூவும் மொட்டுமாக ஒரு தொட்டி வரவழைத்தேன். கனியின் அப்பா வருவதற்கு முந்தின நாள் மதியம், அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நடத்துநர்கூட "பூவுக்கு டிக்கெட் வேண்டாமுங்க, உங்களுக்கு மட்டும் போதும்" என்றார்.

கேட்டைத் திறக்கப் போனபோது உள்ளே கனியின் குரல். சுவர் மறைவில் என்னை அவளுக்குத் தெரியாது. தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள், விரல் மண்ணுக்குள் இருந்தது.

"இன்னிக்கு ஈரம் இருக்குது. உனக்கு நாளைக்குத்தான் தண்ணி. நாளைக்கு அப்பாவும் வாராரு. நீ பூக்கலைன்னு அப்பா கேட்டா, செடியத்தைதான் வெட்டுனாங்கன்னு நா சொல்லிர்றேன். நீ பயப்படாத."

நான் கேட்டைத் திறக்கவில்லை. மாசியிலிருந்து ஒவ்வொரு நாளும் விரலை விட்டுப் பார்த்து அவள் காப்பாற்றி வைத்திருக்கிற செடி. அதை எடுத்து மறைத்துவிட்டு இந்தப் பூவை வைத்தால், காலையில் அவள் விரலை விடப்போவது யார் தொட்டியில்? திரும்பி நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம் பூத்தொட்டியைக் கொடுத்தேன். "எனக்கெதுக்குங்க இது" என்றார். "காலைல வெயில்ல வைங்க, தண்ணிய மட்டும் வாரி ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே கோமதிக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்கக்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது, "காலைல நேரத்துல வந்துருங்க. நீங்க நின்னா அவளுக்குக் கொஞ்சம் தெம்பு" என்றார்.

தெம்பு கனிக்கா, கோமதிக்கா என்று நான் கேட்கவில்லை. போனேன்.

காலையிலேயே டாக்சி வந்து நின்றது. கோமதி சொந்தக்காரர்களையெல்லாம் மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லியிருந்தார். இறங்கியவர் நல்ல உயரம். வெயிலில் கறுத்த முகத்தில் ஹெல்மெட் வார் ஓடிய இடம் மட்டும் வெளுத்த கோடாக இருந்தது. கையில் பெரிய பொம்மைப் பெட்டி. கனி அந்த நேரத்துக்குள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

அவர் அவசரப்படவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து வைத்தார்.

"சாமி, அப்பா வந்திருக்கறனுங்க. ஒருக்கா எட்டிப் பாருங்க."

பொம்மையை எடுத்துத் தரையில் நிற்க வைத்தார்.

"கனிம்மா, பொம்ம பாருங்க. கண்ணச் சிமிட்டுது."

கட்டிலுக்கு அடியில் ஒரு சின்னக் கால் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது. கோமதி என் கையைப் பிடித்தார். பிடியில் நகம் பதிந்தது. அவர் பார்வை என்னைக் கேட்டது, அந்தப் பூ எங்கே என்று. அந்த நிமிடம் நான் செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. டீக்கடை வரை ஓடிப்போய் அந்தத் தொட்டியைத் தூக்கிவந்துவிடலாமா என்று தோன்றியது.

கனியின் அப்பா எழுந்தார். "மூஞ்சி கழுவிட்டு வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிழக்குப் பக்கம் குழாயடிக்குப் போனார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தோம். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். முகம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

பிறகு நிமிர்ந்தபோது பானைக்குள் இருந்த செடி கண்ணில் பட்டது. குனிந்தார். ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். பூ இல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. வெயிலில் சுருண்டு நிற்கிறதே என்று நினைத்திருக்க வேண்டும். நம் ஊர்க்காரர் ஆயிற்றே. வாளியில் மக்கை முக்கித் தூக்கினார்.

வாளிச் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியிலிருந்து ஏதோ ஓடியது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு போனது.

"ஊத்தாதீங்க."

தூக்கிய மக் அப்படியே நின்றது.

"ஏனுங்க சாமி?"

"மண்ணு காஞ்சாத்தான் ஊத்தோணும். சும்மா சும்மா ஊத்துனா செத்துப்போயிரும். அம்மா ஊத்தி ரெண்டு செத்துப்போச்சு."

பக்கத்தில் கோமதி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டார்.

"காஞ்சிருக்குதான்னு எப்படிங்க தெரியும்?" என்றார் அவர். மக்கைக் கீழே வைத்தார்.

"வெரல உட்டுப் பாருங்க." அவர் தயங்கியதும் கனியே அவருடைய விரலைப் பிடித்தாள். ரிக்கின் கிரீஸ் நகக்கண்ணில் நிரந்தரமாகக் கறுத்துப்போன, அவள் மணிக்கட்டு அளவு தடித்த விரல். அதை இரண்டு கையாலும் பிடித்து மண்ணுக்குள் அழுத்தினாள். "இன்னும். இன்னும் உள்ள. ஈரம் தட்டுதா?"

எத்தனையோ நாட்டில் பாறையைத் துளைத்துத் தண்ணீர் பார்த்த மனிதர். அவர் கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே பார்த்தார்.

"காஞ்சிருக்குதுங்க" என்றார்.

"அப்பக் கொஞ்சமா ஊத்துங்க. நா போதும்னா நிறுத்திரோணும்."

ஊற்றினார். அவள் போதும் என்றாள். நிறுத்தினார். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பூ ஏன் இல்லை என்று அவள் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். என் பெயர் அதில் அடிக்கடி வந்தது. நான் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

நர்சரிக்கு வந்து ஓனரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பேஷண்ட் எப்படி இருக்காரு?" என்றார்.

"துளிர் விட்டிருக்கும்மா."

"அதைச் சொல்லு முதல்ல."

இதிலிருந்து வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெட்டியும் ஒன்று செத்தது. கனி அன்று ஓடிவராமலே இருந்திருக்கலாம், கோமதி இன்றுவரை என்னோடு பேசாமல் இருந்திருக்கலாம். கத்தரிக்கோலை எடுக்கிறபோது இதெல்லாம் நமக்குத் தெரியாது. தெரிவது ஒன்றுதான்: செடி என்ன நிலையில் இருக்கிறது என்பது. அதை மறைக்காமல் சொல்லுங்கள், சின்னப் பிள்ளையாக இருந்தாலும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

அந்தச் செடி ஆடி, ஐப்பசி எல்லாம் தாண்டி அடுத்த மார்கழியில் பூத்தது. பெரிய தொட்டிக்கு மாற்றுவதற்காகக் கோமதியும் கனியும் அதை ஆட்டோவில் நர்சரிக்குத் தூக்கிவந்திருந்தார்கள். கனியின் அப்பா அதற்கு முன்னாலேயே ரிக்குக்குத் திரும்பியிருந்தார். நல்ல உச்சி வெயில், பூவெல்லாம் தட்டையாக விரிந்திருந்தது. அப்போது அவரிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. கனி போனைப் பிடுங்கி டெய்சிக்கு மேலே பிடித்தாள்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தனுங்க சாமி. இங்க ஒரு பூவு இல்லை. எல்லாம் முடிஞ்சு வெறும் தரையாக் கெடக்குது." அவர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். செம்மண், தூரத்தில் ரிக் வண்டி.

கனி அந்த மண்ணையே உற்றுப் பார்த்தாள்.

"வெரல உட்டுப் பாத்தீங்களா?"

படம் ஆடியது. அவர் குனிகிறார் என்று தெரிந்தது. திரையின் ஓரத்தில் அந்தத் தடித்த விரல் மண்ணுக்குள் இறங்கியது.

"காஞ்சு கெடக்குதுங்க."

"அப்பக் கொஞ்சமா ஊத்துங்க."

"அதுக்குத்தானுங்க சாமி இங்க வந்திருக்கறேன்" என்றார்.